ஈர மண் வண்டு: பெடரஸ் ஃபுசிபெஸ் எங்கே வாழ்கிறது, வீட்டுக்குள் ஏன் வருகிறது

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே மாதிரியான செய்தி வருகிறது. ஒரு விடுதியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பலருக்கு ஒரே வாரத்தில் கழுத்திலும் முகத்திலும் சூடு வைத்தது போல நீளக் கோடுகள், கொப்புளங்கள். 2012 மார்ச்சில் இந்தோனேசியாவின் சுரபாயாவில் இப்படி நடந்தபோது அந்தப் பூச்சிக்கு ‘டாம்கேட்’ என்று பெயர் பரவியது. 2022 ஜூலையில் சிக்கிமில் கல்லூரி மாணவர்கள் பாதிக்கப்பட்டபோது ‘நைரோபி ஈ’ என்று எழுதினார்கள். ‘ஆசிட் பூச்சி’ என்பதும் கேட்ட பெயர்தான். இது ஈயும் அல்ல, அதனிடம் ஆசிடும் இல்லை.

பெயரைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. ‘புதிதாக ஊடுருவிய விஷப்பூச்சி’ என்ற தொனியில்தான் இந்தச் செய்திகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. ஆசியாவில் நடக்கும் இத்தகைய சம்பவங்களில் அடிக்கடி அடிபடும் இனம் பெடரஸ் ஃபுசிபெஸ். அது எங்கிருந்தோ புதிதாக வந்து இறங்கியதல்ல. பக்கத்து நீர்நிலையின் கரையிலும் வயலின் ஈர மண்ணிலும் காலங்காலமாக இருப்பது. அது வாழும் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அதன் உலகப் பரவலும் புரியும், திடீரென வீட்டுக்குள் வருவதற்கான காரணமும் புரியும்.

முதலில், ரோவ் வண்டு என்றால் என்ன?

பெடரஸ் ஃபுசிபெஸ், ரோவ் வண்டுகள் என்ற வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வண்டு என்றதும் முதுகு முழுவதையும் மூடிய கெட்டியான ஓடுதான் நினைவுக்கு வரும். அந்த ஓடு உண்மையில் முன்சிறகு. கடினமாகி உறையாக மாறியிருக்கிறது. ரோவ் வண்டுகளிடம் இந்த உறை குட்டைச் சட்டை போலப் பாதி உடம்போடு நின்றுவிடுகிறது. வயிற்றுப் பகுதியின் பெரும்பங்கு வெளியே தெரியும். அதனால்தான் பார்ப்பவர்கள் இதை எறும்பு என்றோ, சிறகில்லாத பூச்சி என்றோ நினைத்துவிடுகிறார்கள்.

சிறகு இருக்கிறது. பறப்பதற்கான மெல்லிய பின்சிறகுகள் அந்தக் குட்டை உறைக்கு அடியில் பல மடிப்பாக மடிந்து கிடக்கும். பறந்து வந்து உட்கார்ந்ததும் வண்டு தன் வயிற்று நுனியை மேலே வளைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறகைத் தள்ளித் தள்ளி உள்ளே செருகுவதைப் பார்க்கலாம். இடது சிறகும் வலது சிறகும் ஒரே மாதிரி மடிவதில்லை என்பது இதில் இன்னொரு விசித்திரம்.

இந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் 60,000க்கும் மேல். விலங்குலகின் மிகப் பெரிய குடும்பங்களில் இதுவும் ஒன்று. குட்டை உறைக்கு ஒரு லாபம் உண்டு: உடம்பை எந்தப் பக்கமும் வளைக்கலாம். இலைக்குப்பைக்குள்ளும் மண் விரிசலுக்குள்ளும் புல் அடிக்கட்டைக்குள்ளும் நுழைந்து ஓட முடியும். நஷ்டமும் உண்டு. வயிற்றுப் பகுதி வெளியே கிடப்பதால் உடல் ஈரத்தை இழப்பது எளிது. ரோவ் வண்டுகளில் இத்தனை இனங்கள் ஈரமான இடங்களை ஒட்டியே வாழ்வதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் ‘ஈரநிலம்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறு வசிப்பிடங்கள் இருக்கின்றன. ஸ்டீனஸ் பேரினத்து வண்டுகள் நீர்விளிம்பில் இருக்கும். தண்ணீரில் விழுந்தால் வால்பக்கத்திலிருந்து ஒரு திரவத்தை விட்டு, நீரின் பரப்பு இழுவிசையைக் குலைத்து, அந்த விசையிலேயே முன்னால் வழுக்கிக் கரை சேரும். பிளீடியஸ் பேரினம் ஈரமணலிலும் சேற்றிலும் வளை தோண்டிப் பாசியைத் தின்னும்; அதில் ஓர் இனத்தின் தாய், கடல் ஏற்றத்தின்போது வளைக்குள் நீர் புகாமல் காவல் காக்கிறது. நம் பெடரஸ் இந்த இரண்டு வகையும் அல்ல. அது நீரிலும் இல்லாமல், வறண்ட தரையிலும் இல்லாமல், நடுவில் ஈரம் காயாத அந்த ஓரப்பட்டையில் ஓடித் திரியும் வேட்டைக்காரன்.

பெடரஸ் ஃபுசிபெஸ்: அடையாளம்

1826இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஜான் கர்ட்டிஸ் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். நீளம் சுமார் 7 மில்லிமீட்டர். தலை கறுப்பு, மார்பு ஆரஞ்சு, குட்டைச் சிறகுறை பளபளக்கும் நீலம், வயிறு மீண்டும் ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. பகலில் தரையில் விறுவிறுவென ஓடும். தொந்தரவு செய்தால் வயிற்று நுனியைத் தேள் போலத் தூக்கிக் காட்டும். கொடுக்கு கிடையாது, அது வெறும் மிரட்டல்.

நிறத்தை மட்டும் வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெடரஸ் பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உள்ளன. பலவற்றுக்கும் இதே கறுப்பு, ஆரஞ்சு, நீலம்தான். நிபுணர்கள் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து, அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். கைபேசியில் எடுத்த படம் ‘பெடரஸ்’ என்ற அளவுக்குத்தான் உதவும்.

எல்லாம் முட்டையிலிருந்து தொடங்குகிறது

இந்த வண்டின் வசிப்பிடத்தைத் தீர்மானிப்பது வளர்ந்த வண்டு அல்ல, முட்டையும் புழுவும்தான். வளர்ந்த வண்டுக்குச் சிறகு இருக்கிறது. இடம் பிடிக்கவில்லை என்றால் கிளம்பிவிடும். முட்டைக்கும் புழுவுக்கும் அந்த வசதி இல்லை.

1. தாய் வண்டு முட்டைகளைக் குவியலாக இடுவதில்லை. ஈரமண்ணிலும் மட்கிய தாவரக் குப்பையிலும் ஒவ்வொன்றாக இடுகிறது. மண் காய்ந்தால் முட்டை வற்றிப் போகும்.

2. முட்டையிலிருந்து வரும் புழு, பெயர்தான் புழு. கால்களோடு ஓடி இரை பிடிக்கும். பின்பக்கம் வால் போல இரண்டு நீட்சிகள் இருக்கும். இரண்டே புழுநிலைகளில் வளர்ச்சியை முடித்துவிடும். இந்தக் காலம் முழுக்க மெல்லிய தோலோடு ஈரத்தை நம்பியே வாழ வேண்டும்.

3. பிறகு மண்ணுக்குள் சின்ன அறை போன்ற இடத்தில் கூட்டுப்புழுவாகிறது. அந்த நாட்களில் அசைய முடியாது. மண் வெடித்தாலும் வெள்ளம் நின்றாலும் தப்ப வழியில்லை.

வெப்பமான பகுதிகளில் இந்தச் சுற்று முழுதும் முடியச் சுமார் மூன்று வாரம் போதும். குளிரில் இதுவே பல வாரங்கள் நீளும். ஆக, இந்த இனம் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டுமானால் அந்த மண் குறைந்தது சில வாரங்களாவது ஈரமாக, ஆனால் மூழ்காமல் இருக்க வேண்டும். ஆற்றங்கரை, ஏரி விளிம்பு, சதுப்பு ஓரம், பாசன வாய்க்காலின் கரை, வயல் வரப்பு எல்லாம் இந்தக் கணக்கில் பொருந்துகின்றன. குளத்தின் நடுவும் பொருந்தாது, மேட்டு வறண்ட நிலமும் பொருந்தாது.

இரையும் அந்தப் பட்டையிலேயே கிடைக்கிறது. சிறு பூச்சிகள், அவற்றின் முட்டைகள், புழுக்கள் என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்னும். மட்கும் தாவரப் பொருளையும் கொஞ்சம் தின்பதுண்டு.

நெல்வயல்: மனிதன் செய்து கொடுத்த சதுப்பு

இயற்கையான சதுப்பு ஓரங்கள் ஒடுங்கிய பட்டைகள். நெல்வயலோ அந்த ஓரப்பட்டையைச் சதுர கிலோமீட்டர் கணக்கில் விரித்துவைக்கிறது. வரப்புகள் எப்போதும் ஈரம், இடையில் நிழல், தண்டுகளில் புகையான், இலைத் தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு என்று இரைக்குப் பஞ்சமில்லை. மக்காச்சோளம், பருத்தி, குதிரைமசால் வயல்களிலும் இந்த வண்டு இருக்கும். ஆனால் நெல்லோடு உள்ள உறவுதான் நெருக்கம்.

விவசாயிக்கு இது நன்மை செய்யும் பூச்சி. நெற்பயிரில் இயற்கை எதிரிகளின் பட்டியலில் சிலந்திகளுக்கும் பொறிவண்டுகளுக்கும் பக்கத்தில் இதன் பெயரும் இருக்கும். வயலில் நண்பன், அறையில் தொல்லை: ஒரே வண்டைப் பற்றி வேளாண் கையேடும் தோல்நோய்க் கையேடும் இரண்டு விதமாகப் பேசுவது இதனால்தான்.

சரி, வயலில் இருப்பது வீட்டுக்கு ஏன் வருகிறது? பயிர்க்காலத்தோடு வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1. நடவுக்குப் பின் பயிர் அடர்ந்து, நிழலும் ஈரமும் இரையும் கூடும். வண்டுகள் வரப்பிலிருந்து வயலுக்குள் பரவிப் பெருகும். இந்தக் காலத்தில் வீடுகளில் அதிகம் தென்படாது.

2. அறுவடைக்கு முன் தண்ணீரை வடிப்பார்கள். மண் காயத் தொடங்கும். அறுவடை முடிந்ததும் நிழலும் இரையும் ஒரே நாளில் போய்விடும்.

3. அடுத்து உழவு. ஒதுங்கியிருந்த மிச்ச இடமும் புரண்டுவிடும். பெருகி நிற்கும் வண்டுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் இடம் தேடிப் பறக்கின்றன.

4. இரவில் பறக்கும் வண்டு வெளிச்சத்துக்கு இழுபடும். வயலை ஒட்டி விளக்கெரியும் கட்டடம் இருந்தால், வந்து சேரும் இடம் அதுவே.

மலேசியாவின் பினாங்கில் வயல்வெளிக்கு அருகிலுள்ள குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகள் இந்த வரிசையைத்தான் காட்டின: வீடுகளில் வண்டுகள் கூடும் காலம் வயல் வேலைகளின் காலத்தோடு ஒத்துப்போனது. ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் தொல்லையும் இரண்டு முறை.

வெள்ளமும் இதே வேலையைச் செய்யும், எதிர்த்திசையிலிருந்து. கனமழையில் கரை மூழ்கினால் வளர்ந்த வண்டுகள் மேட்டுக்கு வரும். மழை நின்று நீர் மெல்ல வடியும்போது ஈரமண் பரப்பு அகலமாகி, அடுத்த தலைமுறை பெருகும். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1997–98 எல் நினோ மழையை ஒட்டி, அங்குள்ள பெடரஸ் இனங்கள் பெருவாரியாகத் தென்பட்டது இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு.

உலகப் பரவல்

மேற்கே பிரிட்டிஷ் தீவுகள். அங்கிருந்து ஐரோப்பாவின் ஆற்றங்கரைகள், மத்தியதரைக்கடல் பகுதி, ஈரானின் வடக்கே காஸ்பியன் கடலோர நெல் மாகாணங்கள், மத்திய ஆசியா, இந்தியத் துணைக்கண்டம், சீனா, கிழக்கே ஜப்பான். தென்கிழக்கு ஆசியா வழியாகக் கீழே ஆஸ்திரேலியா வரை. ஒரே இனத்துக்கு இவ்வளவு நீண்ட பட்டை என்பது சாதாரணமல்ல. பெடரஸ் இனங்களில் பல, ஒரு மலைத்தொடரோடும் ஒரு நிலப்பகுதியோடும் நின்றுவிடுகின்றன.

இந்த வேறுபாட்டுக்கு என் கணிப்பில் மூன்று காரணங்கள் சேர்கின்றன.

முதலாவது சிறகு. பெடரஸ் பேரினத்தில் பின்சிறகு குறுகிப் பறக்க முடியாமல் போன இனங்களும் உண்டு. ஐரோப்பாவின் பெடரஸ் லிட்டோராலிஸ் அப்படிப்பட்டது. ஃபுசிபெஸுக்குச் சிறகு முழுமையாக இருக்கிறது. ஒரு கரை காய்ந்தால் அடுத்த கரைக்குப் பறந்து போகலாம். நிலையில்லாத வசிப்பிடத்தில் வாழும் பூச்சிக்கு இந்த ஒரு வசதி மிகப் பெரிது.

இரண்டாவது, குளிரைத் தாங்கும் விதம். மிதவெப்பப் பகுதிகளில் இது வளர்ந்த வண்டாகவே புல் அடிக்கட்டையிலும் குப்பையின் அடியிலும் ஒதுங்கிக் குளிர்காலத்தைக் கடத்துகிறது. வெப்பமண்டலத்தில் அந்த ஓய்வு தேவையில்லை. தலைமுறை மாறி தலைமுறை ஆண்டு முழுக்க ஓடும். ஒரே இனம் இரண்டு விதமாகவும் வாழ முடிவதால், வடக்கு தெற்காகவும் பரவ இடம் கிடைத்தது.

மூன்றாவது பாசன வேளாண்மை. இயல்பான ஈரநிலம் இல்லாத இடத்திலும் வாய்க்காலும் வயலும் வந்துவிட்டன.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. நைரோபி ஈ என்ற பெயருக்கு உரியவை அங்குள்ள பெடரஸ் சபேயஸ், பெடரஸ் எக்ஸிமியஸ் போன்ற இனங்கள். தென் அமெரிக்காவுக்குத் தனி இனங்கள் உள்ளன. இந்தியாவிலும் ஃபுசிபெஸ் மட்டுமல்ல, பெடரஸ் மெலாம்பஸ் உள்ளிட்ட பிற இனங்களும் உண்டு. ஆகவே எங்கே கொப்புளச் செய்தி வந்தாலும் ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஈ’ என்று எழுதுவது தவறு.

பரவல் வரைபடத்தை எப்படி வாசிப்பது?

எந்தப் பூச்சியின் வரைபடமும் அந்தப் பூச்சியைப் பற்றி மட்டுமல்ல, அதைத் தேடிப் போனவர்களைப் பற்றியும் சொல்கிறது. இந்த இனத்துக்கு மூன்று எச்சரிக்கைகள் தேவை.

* புள்ளி இல்லாத இடம் வண்டு இல்லாத இடமல்ல. யாரும் தேடாத இடமாகவும் இருக்கலாம். பூச்சியியல் துறை இருக்கும் நகரைச் சுற்றிப் புள்ளிகள் குவிவது எல்லாப் பூச்சிகளுக்கும் நடக்கும்.

* விளக்குப்பொறியில் சிக்கிய வண்டு அங்கேயே பிறந்தது என்று பொருளல்ல. விளக்குப்பொறி பறக்கும் வண்டைத்தான் பிடிக்கும். வசிப்பிடத்தை அறிய வேண்டுமானால் மண்ணில் குவளை புதைத்து வைக்கும் குழிப்பொறியும், குப்பையைச் சலித்துப் பார்ப்பதும், முக்கியமாகப் புழுவைக் கண்டுபிடிப்பதும் வேண்டும். நான்காவது மாடி ஜன்னலில் ஐம்பது வண்டு கிடைத்தது என்ற பதிவு, பக்கத்தில் எங்கோ ஈரநிலம் இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

* பழைய பதிவுகளில் இனக்குழப்பம் அதிகம். ஆண் உறுப்பைப் பார்க்காமல் நிறத்தை வைத்து எழுதிய பெயர்கள் அவற்றில் கலந்திருக்கும்.

நஞ்சும் வசிப்பிடமும்

இந்த வண்டு கடிக்காது, கொட்டாது. நஞ்சு அதன் உடல் திரவத்தில் இருக்கிறது, பெயர் பெடரின். தோலில் வைத்து நசுக்கினால்தான் வெளியே வரும். இத்தாலிய ஆய்வாளர்கள் இதன் வேதியமைப்பை அறிய இரண்டரைக் கோடி ஃபுசிபெஸ் வண்டுகளைச் சேகரித்துப் பயன்படுத்தினார்கள். தகுந்த இடத்தில் இந்த வண்டு எவ்வளவு அடர்த்தியாக வாழும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

பெடரினை உண்மையில் தயாரிப்பது வண்டு அல்ல, அதன் உடலில் குடியிருக்கும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா. 2002இல் யோர்ன் பீல் என்ற ஆய்வாளர் அதற்கான மரபணுக்களைக் கண்டறிந்து வெளியிட்டார். இதே குடும்பத்துச் சேர்மங்கள் கடற்பஞ்சுகளிலும் கிடைத்திருக்கின்றன. ஆற்றங்கரை வண்டுக்கும் கடலடி உயிருக்கும் வேதியியலில் இப்படி ஓர் உறவு.

இதற்கும் வசிப்பிடத்துக்கும் என்ன தொடர்பு? தாய் வண்டு நஞ்சை முட்டை வழியாகப் புழுவுக்குக் கொடுக்கிறது. ஈரமண் விளிம்பில் மிகப் பெரிய ஆபத்து ஓடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்திகள். பெடரின் உள்ள புழுவைச் சிலந்தி கவ்விவிட்டு விட்டுவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பறக்க முடியாத, மெல்லிய தோலுள்ள புழு அந்தச் சிலந்திக் காட்டில் பிழைக்க இந்த நஞ்சு உதவுகிறது. மனிதத் தோலில் வரும் கொப்புளம் இதில் தற்செயலான பக்கவிளைவு.

நடைமுறையில் என்ன மாறுகிறது?

முதல் விஷயம், வயலில் மருந்தடித்து இந்த வண்டை ஒழிப்பது தவறான தீர்வு. அது தின்னும் புகையான் பெருகும். அதற்கு மறுபடி மருந்து. வீட்டுக்குள் அடிப்பதும் அன்றைக்கு வந்தவற்றைத்தான் கொல்லும்; பிறப்பிடம் வெளியே இருக்கும்வரை நாளை வேறு வண்டுகள் வரும்.

வெளிச்சத்தில் கை வைப்பதுதான் பலன் தரும். அறுவடையை ஒட்டிய வாரங்களிலும், கனமழைக்குப் பிந்தைய வாரங்களிலும் வெளிவிளக்குகளைக் குறைப்பது, ஜன்னலுக்குச் சிறுகண் வலை, திரைச்சீலை, கொசுவலைக்குள் தூக்கம். புற ஊதாவும் நீலமும் கலந்த வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் விளக்குக்குப் பூச்சிகள் பொதுவாகக் குறைவாகவே வரும்.

உடம்பில் ஊர்ந்தால் தட்டவும் நசுக்கவும் கூடாது. ஊதித் தள்ளலாம், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றி வெளியே விடலாம். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கையோடு கண்ணைத் தொடக் கூடாது. எரிச்சலும் சிவப்பும் பெரும்பாலும் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். எப்போது, எங்கே பட்டது என்று பலருக்கு நினைவே இருக்காது, அதனால் அக்கி என்றோ தீக்காயம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே வடிவத்தில் புண் வரும்; மருத்துவர்கள் இதை ஒரு முக்கியத் தடயமாகப் பார்க்கிறார்கள். கண்ணில் பட்டாலோ கொப்புளம் பரவலாக இருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறி, சில காலம் கருந்தழும்பு இருக்கும்.

கட்டடம் கட்டுபவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஏரிக்கரையையோ வயலையோ ஒட்டி உயரமான குடியிருப்போ விடுதியோ வரும்போது, அதன் விளக்குகள் இதுவரை இருட்டாக இருந்த ஈரநிலத்தைப் பார்த்தபடி அமைகின்றன. வண்டின் எண்ணிக்கை கொஞ்சமும் கூடாமலேயே புகார் கூடும். ஒரு பகுதியில் ‘இந்த ஆண்டுதான் இந்தப் பூச்சி வந்தது’ என்று சொல்லப்படும்போது, பூச்சியைத் தேடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிபார்ப்பது நல்லது: அந்த விளக்குகள் எந்த ஆண்டு போடப்பட்டவை, பக்கத்து வயலில் அறுவடை எந்த வாரம் நடந்தது.